பெயர் தெரியாத மரத்துண்டைக் குழந்தையின் பொம்மைக்குப் பயன்படுத்தலாமா?

ஏற்காட்டுத் தோட்டத்தில் முறிந்து விழுந்த கிளையோ, சேலத்து அறுவை மில்லில் கழித்துப் போட்ட துண்டோ கையில் கிடைத்தால், அதன் அழகைப் பார்ப்பதற்கு முன் அது எங்கிருந்து வந்தது என்று விசாரியுங்கள். மரம் விழுந்த இடத்திலேயே இலை, பட்டை, காய் மூன்றையும் பார்த்துவிட்டால் பெயரை எளிதில் உறுதிசெய்யலாம்; துண்டான பிறகு அந்தச் சாட்சிகள் கிடைப்பதில்லை.

பழைய கதவு, சன்னல் துண்டுகளை முதலிலேயே விலக்கிவிடுங்கள். அவற்றின் பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும், உப்புத்தாள் போட்டால் அது தூசியாகப் பறக்கும். சரக்கு அடுக்கும் பேலட் பலகையில் எம்.பி. (MB) முத்திரை இருந்தால், அது பூச்சிகளைக் கொல்ல மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு ஏற்றியது. ஹெச்.டி. (HT) முத்திரை, பலகையின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றியதை மட்டுமே காட்டும். பிற்பாடு அதன்மேல் எந்த இரசாயனம் சிந்தியது என்பதைக் காட்டாது.

அடுத்தது வெட்டு முகம். மரத்தின் குறுக்குவெட்டைக் கூரிய உளியால் மெல்லச் சீவி, சிறிது நீர் தடவி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸால் பாருங்கள். ரம்பம் அறுத்த முகத்தில் மரத்தின் நுண்துளைகள் நசுங்கியிருக்கும் என்பதால் சீவாமல் பார்ப்பது வீண். தேக்கில் ஆண்டு வளையத்தின் தொடக்கத்தில் பெரிய துளைகள் வரிசையாக நிற்கும். தொட்டால் எண்ணெய்ப் பசை தெரியும். சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக்கில், நடுவிலிருந்து பட்டை நோக்கி ஓடும் அகன்ற வெளிர்கோடுகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். இதன் தூள் சிலருக்குத் தோல் அழற்சியைத் தருவதால், எளிதாகக் கிடைத்தாலும் குழந்தை வாயில் வைக்கும் பொருளுக்கு நான் இதை எடுப்பதில்லை.

கசப்பைச் சோதிக்க எந்த மரத்தையும் நாக்கில் வைக்காதீர்கள். அரளி முழுவதும் நஞ்சு. எட்டியின் விதையிலும் பட்டையிலும் ஸ்ட்ரிக்னைன் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. சேராங்கொட்டை மரத்தின் பால் பட்டாலே தோல் வெந்துபோகும். இத்தனையும் பார்த்த பிறகும் பெயர் உறுதியாகவில்லை என்றால், அந்தத் துண்டைப் பொம்மைக்கு எடுக்காதீர்கள்.

தொடங்குபவருக்கு நான் சொல்வது வெட்பாலை. கர்நாடகத்தின் சன்னபட்டணப் பொம்மைகளைக் காலங்காலமாகக் கடைந்துவருவது இந்த மரத்தில்தான். நெருக்கமான இழையுடைய இது சிலும்பாமல் வழவழப்பாகக் கடைபடும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு என்றால், பொம்மையின் சிறு பாகங்களைச் சோதிக்கும் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் முழுவதுமாக அடங்கும் எந்தத் துண்டும் தொண்டையில் அடைக்கலாம் என்பதால், எல்லாப் பாகங்களையும் அதைவிடப் பெரிதாகச் செய்யுங்கள். மேற்பூச்சுக்குத் தூய தேன்மெழுகு போதும். கடையில் விற்கும் ‘காய்ச்சிய’ ஆளிவிதை எண்ணெயில் விரைவில் உலர்வதற்காக உலோக உப்புகள் சேர்ப்பதுண்டு, அதைத் தவிருங்கள்.