‘ரெடி’ சொல்வதற்கு முன்: ஆன்லைன் விமான சிமுலேட்டரில் புறப்படும் நேரம் பகிரும்போது நடக்கும் தவறுகள்

பேசின் பிரிட்ஜ் வந்ததும் ரயில் நின்றுவிடும். சென்ட்ரலில் பிளாட்பாரம் காலியில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவோரம் காத்திருக்கும் அந்தக் கூட்டத்தில் வடசென்னைக்காரர்கள் ஒருமுறையாவது நின்றிருப்போம். ரன்வேக்கு முன்னால் பத்துப் பதினைந்து விமானங்கள் எஞ்சின் ஓட வரிசையில் நிற்பதும் இதே கதைதான். அந்தக் காத்திருப்பை நிறுத்துமிடத்திலேயே, எஞ்சினைப் போடாமலேயே முடித்துக்கொள்ள வந்ததுதான் ஏ-சி.டி.எம். (A-CDM), அதாவது எல்லோரும் நேரத்தைப் பகிர்ந்து சேர்ந்து முடிவெடுக்கும் முறை. ஐரோப்பாவில் மியூனிக் விமான நிலையம் 2007இல் முதன்முதலாக இதை முழுமையாகக் கொண்டுவந்தது. இன்று சிமுலேட்டர் விமானிகளும் கன்ட்ரோலர்களும் ஆன்லைனில் சேரும் வாட்சிம் நெட்வொர்க்கிலும் சில விமான நிலையங்களில், முக்கியமாகக் கூட்டம் சேரும் ஈவென்ட் நாட்களில், இதைப் பார்க்கலாம்.

ஆனால் இந்தக் கணக்கு முழுக்க நாம் கொடுக்கும் நேரத்தை நம்பித்தான் ஓடுகிறது. வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, பெரம்பூர் என்று ஆளுக்கொரு வீட்டிலிருந்து சனிக்கிழமை இரவுகளில் சேர்ந்து பறக்கும் எங்கள் குழுவில் திரும்பத் திரும்பப் பார்த்த தவறுகள் இவை.

முதல் தவறு ‘ரெடி’ என்ற சொல்லில் இருக்கிறது. நாம் கொடுக்கும் டி.ஓ.பி.டி. (TOBT) என்பதை ஏதோ உத்தேச நேரம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது நாம் முழுதாகத் தயாராகும் நேரம். கதவுகள் மூடியிருக்க வேண்டும், ஏரோபிரிட்ஜ் விலகியிருக்க வேண்டும், விமானத்தைப் பின்னால் தள்ளும் புஷ்பேக் வண்டி வந்திருக்க வேண்டும். அனுமதி கிடைத்தால் அப்போதே நகர முடிய வேண்டும். இதை வைத்துத்தான் எஞ்சினைக் கிளப்ப அனுமதிக்கும் நேரமான டி.எஸ்.ஏ.டி. (TSAT) கணக்காகிறது. நண்பர் ஒருவர் விமானத்துக்குக் கரன்ட்கூடப் போடாமல் 1400 என்று கொடுத்துவிட்டார். ரூட் ஏற்றி, எரிபொருள் நிரப்பி முடிக்க இருபது நிமிடம் ஆனது. டி.எஸ்.ஏ.டி.க்கு முன்னும் பின்னும் 5 நிமிடம்தான் சலுகை. அது எப்போதோ போய்விட்டது. அவருக்கு ஒதுக்கிய இடம் யாருக்கும் பயன்படவில்லை. தயாராக உட்கார்ந்திருந்த இன்னொருவர் சும்மா காத்திருந்தார். எனக்கு வருத்தம் அந்த இன்னொருவருக்காகத்தான்.

தாமதமாகும் என்று தெரிந்த உடனே நேரத்தை மாற்றுங்கள். அதற்காக இரண்டிரண்டு நிமிடமாகத் தள்ளிக்கொண்டே போகவும் வேண்டாம். ஜெர்மனியின் நிஜ விமான நிலையங்களில் டி.எஸ்.ஏ.டி. வந்த பிறகு மூன்று முறைதான் டி.ஓ.பி.டி.யை மாற்ற விடுவார்கள். ஒரே தடவையில், கொஞ்சம் தாராளமாக, நிஜமான நேரத்தைச் சொல்வது நல்லது.

அடுத்தது கடிகாரம். எல்லா நேரமும் ஜூலுவில்தான், அதாவது உலகப் பொது நேரமான யு.டி.சி.யில். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்க வேண்டும், இரவு 7.30 என்றால் 1400. ஐந்தைக் கழித்துவிட்டு அரை மணியை மறப்பவர்கள் நிறைய. தேதியில் சறுக்குபவர்கள் அதைவிட நிறைய. ஞாயிறு அதிகாலை 1 மணிக்குப் பறக்கப் போகிறீர்கள் என்றால் ஜூலுவில் அது சனிக்கிழமை 1930. அப்புறம், காக்பிட் கடிகாரத்தை நம்பாதீர்கள். வெளிச்சத்தில் பறக்க ஆசைப்பட்டு சிமுலேட்டரில் காலை நேரம் வைத்திருந்தால், அந்தக் கடிகாரமும் அந்தக் காலையைத்தான் காட்டும். கணினிக்குப் பக்கத்தில் ஜூலு காட்டும் தனிக் கடிகாரம் ஒன்று இருக்கட்டும்.

நெரிசலைச் சமாளிக்க ஒதுக்கும் சி.டி.ஓ.டி. (CTOT) கிடைத்தால் அது டேக்-ஆஃப் நேரம், புஷ்பேக் நேரம் அல்ல. 1430 என்றால் 1425 முதல் 1440க்குள் டேக்-ஆஃப் ஆக வேண்டும். ரன்வே வரை ஊர்ந்து போகும் டாக்ஸிக்கு 15 நிமிடம் ஆகும் நிலையத்தில் 1430க்குப் புஷ்பேக் கேட்டால் அந்த ஸ்லாட் போனதுதான்.

“எனக்கு எப்போது?” என்று அலைவரிசையில் கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள். நேரம் திரையிலேயே தெரியும் இடத்தில் அதைப் பாருங்கள்.

இன்னொன்று கட்டாயம் சொல்ல வேண்டும். சென்னை விமான நிலையம் என்று போட்டு, தாமதப் பட்டியலின் படத்தைக் குழுவில் ஒருவர் பகிர்ந்தார். அது வீட்டு வாட்ஸ்அப் வரை போய்விட்டது. மகனை வளைகுடாவுக்கு அனுப்பத் தயாராகிக்கொண்டிருந்த காசிமேட்டு அக்கா ஒருவர் பதறிப்போய் எங்களுக்குப் போன் செய்தார். அன்றிலிருந்து எங்கள் படங்கள் எல்லாவற்றிலும் மேலேயே ‘சிமுலேட்டர்’ என்று பெரிதாக எழுதுகிறோம். நீங்களும் எழுதுங்கள்.

கரன்ட் போயோ நெட் அறுந்தோ தொடர்பு விட்டுப்போனால், போனிலிருந்தாவது குழுவுக்கு ஒரு வரி அனுப்பி உங்கள் நேரத்தை ரத்து செய்யச் சொல்லுங்கள். வரிசையில் அடுத்து நிற்பவருக்கு அந்த இடம் உடனே போய்விடும்.