கொம்பில் தடக்கிய பிள்ளைகள்

போன ஆகஸ்ட் விடுமுறையில் எங்கள் ஊர் சனசமூக நிலையத்தில், புதுக்குடியிருப்புப் பக்கம், தரம் 2, 3 பிள்ளைகள் ஒன்பது பேருக்கு வாசிப்புப் பழக்குகிறேன் என்று கையைத் தூக்கிவிட்டேன். முதல் நாள் எல்லாரும் பாடப் புத்தகத்தைக் கடகடவென்று வாசிக்க, அட, நமக்கு வேலையே இல்லையே என்று நினைத்தேன். ஒரு பெடியன் பக்கம் மாறிக் கிடந்தும் நிறுத்தாமல் 'வாசித்த' பிறகுதான் விளங்கியது, அத்தனையும் மனப்பாடம்.

பிஸ்கட் பெட்டி அட்டையில் ஒரு சொல் மட்டும் தெரிகிற அளவுக்கு ஜன்னல் வெட்டிப் பக்கத்தின்மேல் நகர்த்தினேன். உடனே குட்டு வெளிப்பட்டது. க, ம தெரிகிறது, கொம்பு வந்தால் தடக்கல். பிள்ளையில் பிழை சொல்ல முடியாது, 'கெ'யில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. 247 எழுத்தையும் ஒப்புவிக்க வைப்பதை விட்டுவிட்டு, கொம்பையும் அரவையும் ('கா'வில் வருகிற கால்) தனித்தனி அட்டையாக வெட்டி, க, ம, த மூன்றோடு மட்டும் மாற்றி மாற்றி வைக்க விட்டேன். நாலு நாள் அதே விளையாட்டு.

அப்புறம் அவர்கள் சொன்னதையே கொப்பியில் எழுதிக் கொடுத்தேன். "எங்கட ஆடு ரெண்டு குட்டி போட்டது." அந்தப் பெடியன் விரல் வைத்து வாசித்து முடித்து, கொப்பியை அம்மாவிடம் காட்டப் பறந்துவிட்டான். பேச்சுத்தமிழில் எழுதலாமா என்று ஒருவர் குறைப்பட்டார், சரி, படட்டும். இரண்டு பேருக்கு ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இன்னும் குழம்புகிறது. டிசம்பர் விடுமுறைக்கு அட்டைகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.