எலிக்கு மூட்டுவலி கொறஞ்சுதுன்னு ஒரு ஆராய்ச்சி வந்தா எத பாத்து நம்பணும்

புது மருந்து குடுத்தோம், எலிக்கு மூட்டுவலி போயிருச்சுன்னு படிச்சா முதல்ல அந்த எலிக்கு வலிய எப்படி வரவச்சாங்கன்னு தேடுங்க. செத்த காசநோய்க் கிருமிய எண்ணெய்ல கலந்து ஊசி போட்டா சுமார் 10 நாள்ல இருந்து 2 வாரத்துல பல மூட்டு வீங்கிரும், அது முடக்குவாதம் மாதிரி. முழங்காலுக்குள்ள அயோடோஅசிடேட்டுன்னு ஒரு ரசாயனத்த ஊசில போட்டா குருத்தெலும்பு செல் சாகும், இது மூட்டுத் தேய்மானம் மாதிரி. ரெண்டும் வேற வேற, ஒண்ணுல கேட்ட மருந்து இன்னொண்ணுலயும் கேக்கும்னு நினைக்காதீங்க.

வழக்கமான வலி மருந்து எப்படி வேலை செய்யுதுன்னா, வீங்கின மூட்டுல காக்ஸ்-2ன்னு ஒரு என்சைம் ப்ராஸ்டாகிளாண்டின நிறைய சுரக்க வைக்கும், அது வலி நரம்ப உசுப்பி விட்டுரும், அப்புறம் லேசா தொட்டாலே வலிக்கும். டைக்ளோஃபெனாக், இண்டோமெதாசின் மாதிரி வலி மருந்தெல்லாம் காக்ஸ்-2 உட்பட காக்ஸ் என்சைம்கள தடுக்குது. இந்த வகை மருந்துங்க ப்ராஸ்டாகிளாண்டின் உருவாகுறத தடுக்குதுன்னு 1971ல ஜான் வேன்ங்கிற விஞ்ஞானி கண்டுபிடிச்சாரு, 1982ல இன்னும் ரெண்டு பேரோட சேர்ந்து நோபல் வாங்கினாரு.

அடுத்து, மருந்த எப்ப குடுத்தாங்க? என்னைக் கேட்டா இதான் ரொம்ப முக்கியம். வீக்கம் வர்றதுக்கு முன்னாடியே குடுத்தா அது தடுப்பு, வைத்தியம் இல்ல, நம்மாளுங்க வலி வந்த அப்புறம்தானே டாக்டர்கிட்ட போறோம். அயோடோஅசிடேட் எலில முதல் சில நாள் அழற்சி இருக்கும், அப்ப டைக்ளோஃபெனாக் மாதிரி மருந்து நல்லா கேக்கும், வாரம் போகப் போக நரம்பே பழுதாகி அதே மருந்து சரியா கேக்காம போயிரும்.

எலி வலிக்குதுன்னு வாய்விட்டு சொல்லாது. அதனால மெல்லிய நைலான் இழையால பாதத்த அழுத்தி எப்ப கால இழுக்குதுன்னு பாக்குறாங்க, பின்னங்கால் ரெண்டுலயும் எவ்ளோ எடை போடுதுன்னு அளக்குறாங்க. வெறும் வீக்க அளவு மட்டும் போட்டிருந்தா வலி கொறஞ்சுதுன்னு எடுத்துக்காதீங்க. அளந்தவருக்கு எது மருந்து குடுத்த எலின்னு தெரியாம இருந்துச்சான்னும் பாருங்க, தெரிஞ்சிருந்தா கணக்கு சாயும்.

டோஸ் விஷயத்துல எலியோட கிலோ கணக்க அப்படியே நமக்கு போடக்கூடாது, ராட் (rat)ங்கிற பெரிய ஆய்வக எலின்னா தோராயமா 6.2ஆல வகுக்கணும், அதாவது எலிக்கு கிலோவுக்கு 10 மில்லிகிராம்னா மனுசனுக்கு 1.6 கிட்ட வரும். இது ஆராய்ச்சிய புரிஞ்சுக்க மட்டும்தான், மாத்திரை அளவ நீங்களா மாத்தாதீங்க.

கடைசியா எத்தன நாள் நடந்துச்சுன்னு பாருங்க. ரோஃபெகாக்சிப்னு ஒரு வலி மாத்திரை வலிய நல்லாத்தான் கொறச்சுது, ஆனா மனுசங்ககிட்ட நீண்ட நாள் சோதனைல மாரடைப்பு ஆபத்து தெரிஞ்சு 2004ல மார்க்கெட்ட விட்டே எடுத்துட்டாங்க. மூணு வார எலி சோதனைல இதெல்லாம் வெளிய வராது.