குவேக்கர் மீட்டிங் ஹவுஸை வாடகைக்கு விடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

இங்கிலாந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஏதாவது ஒரு குவேக்கர் மீட்டிங் ஹவுஸுக்குள், அதாவது குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வழிபாட்டுக்குக் கூடும் கட்டிடத்துக்குள், போய்ப் பாருங்கள். பத்துப் பதினைந்து பேர் சுற்றிவர உட்கார்ந்து ஒரு மணி நேரம் சும்மா இருப்பார்கள். பாதிரியார் இல்லை, பலிபீடம் இல்லை, சிலுவை இல்லை, பாட்டும் இல்லை. யாருக்காவது ஏதாவது சொல்லத் தோன்றினால் எழுந்து நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்காருவார்கள், சில வாரம் அதுவும் இல்லை. அவ்வளவுதான் வழிபாடு. வாரத்தின் மிச்ச நேரம் கட்டிடம் பெரும்பாலும் காலி, ஆனால் கூரையும் பாய்லரும் வாரம் முழுக்கச் செலவு வைக்கும். பிரிட்டனில் இப்படி 300க்கும் மேற்பட்ட மீட்டிங் ஹவுஸ்கள் இருக்கின்றன. அவற்றில் பல அறைகளை வாடகைக்கு விட்டுத்தான் தாக்குப்பிடிக்கின்றன.

நான் குவேக்கர் இல்லை. வார இறுதித் தமிழ் வகுப்புக்கு இடம் தேடி அலைந்தபோதுதான் இப்படி ஒரு இடம் இருப்பதே தெரிந்தது. அப்புறம் அவர்களுடைய கட்டிடக் கமிட்டிக்கு இணையப் பக்கம் எழுதிக் கொடுக்கப் போய், வேறு ஊர் மீட்டிங் ஹவுஸ்களின் பக்கங்களையும் உட்கார்ந்து படித்தேன். நல்ல மனிதர்கள், நல்ல இடம், ஆனால் விளம்பரம் என்று வந்துவிட்டால் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே தவறுகளைத்தான் செய்கிறார்கள்.

முதலில், விலையை எழுதாமல் விடுவது. "கட்டண விவரங்களுக்குத் தொடர்பு கொள்ளவும்" என்று ஒரு வரி, கீழே ஒரு மின்னஞ்சல் முகவரி. இதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் 17ஆம் நூற்றாண்டில் பேரம் பேசுவதே பொய் பேசுவது மாதிரி என்று சொல்லி, குழந்தையை அனுப்பி வாங்கினாலும் ஏமாறாத அளவுக்கு எல்லோருக்கும் ஒரே விலை என்று கடை நடத்திப் பேர் வாங்கியவர்கள் இந்தக் குவேக்கர்கள்தான். அவர்கள் வாரிசுகள் இன்றைக்கு விலையை மறைத்து வைக்கிறார்கள். வெட்கம்தான் காரணம், வேறொன்றுமில்லை. பணம் கேட்பது கூச்சமாக இருக்கிறது. ஆனால் இடம் தேடுகிறவர் ஒரே ராத்திரியில் ஏழு பக்கம் திறந்து வைத்துப் பார்க்கிறார், அவரிடம் ஒரு பட்ஜெட் இருக்கிறது, விலை தெரியாத பக்கத்தைத்தான் முதலில் மூடுவார். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு, நாள் முழுவதற்கும் எவ்வளவு, தொண்டு அமைப்புக்கு எவ்வளவு, கம்பெனிக்கு எவ்வளவு: நாலு எண், ஒரு சின்ன அட்டவணை. போதும்.

இதோடு ஒட்டிப் பிறந்த தவறு, மிகக் குறைவாகக் கேட்பது. பல வருஷத்துக்கு முன்னால் கட்டிடத்தைக் கவனித்துக்கொண்ட யாரோ ஒரு வார்டன் ஒரு யோகா வகுப்புக்குச் சொன்ன வாடகையை இன்னும் அதே வகுப்பு கொடுத்துக்கொண்டிருக்கும், கேட்க யாருக்கும் மனசு வராது. மீட்டிங் ஹவுஸ் ஒரு தொண்டு அறக்கட்டளையின் சொத்து. பொறுப்பாளர்கள் அதைச் சட்டப்படி அறக்கட்டளையின் நோக்கத்துக்காகத்தான் பயன்படுத்த வேண்டும். ஒரு மணி நேரம் அறையைச் சூடாக்கவும் துப்புரவு செய்யவும் கதவைத் திறந்து மூடவும் ஆகிற செலவைக் கணக்குப் போடாமல் விலை வைத்தால், யோகா வகுப்புக்கு நீங்கள் மாதாமாதம் நன்கொடை கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். கொடுக்கலாம், தப்பில்லை. அகதிகளுக்கான ஆங்கில வகுப்புக்கு இலவசமாகவே கொடுங்கள். ஆனால் கமிட்டியில் பேசித் தெரிந்தே கொடுங்கள், கூச்சத்தில் தானாக நடந்துவிடக் கூடாது.

பெயர் விஷயத்துக்கு வருவோம். சிலர் "குவேக்கர்" என்ற சொல்லையே எடுத்துவிட்டு வெறும் "மீட்டிங் ரூம்ஸ்" என்று போடுகிறார்கள், மதம் என்றால் ஆள் ஓடிவிடும் என்று பயம். சிலர் நேர் எதிர்: வாடகை விவரத்துக்கு முன்னால் குவேக்கர் இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் 1652இல் பெண்டில் குன்றின் மேல் ஏறியதிலிருந்து ஆரம்பித்து மூன்று பத்தி வரலாறு. பிறந்தநாள் விழாவுக்கு ஹால் தேடுகிறவருக்கு இது எதற்கு? இரண்டுமே வேண்டாம். பெயரை மறைத்தால், வந்து சுவரில் இருக்கும் போஸ்டரைப் பார்த்ததும் "ஓ, இது சர்ச்சா?" என்று ஒரு சங்கடம் வரும். ஒரே வரி எழுதுங்கள்: இது குவேக்கர்களின் இடம், எந்த மதத்தவரும் மதமே இல்லாதவரும் வரலாம், யாரும் உங்களிடம் மதம் பேச மாட்டார்கள். குவேக்கர்களுக்கு அந்தக் கட்டிடம் புனிதமானது கிடையாது, பிரதிஷ்டை மாதிரி எதுவும் செய்வதில்லை, அதனால் இதை மனசாரச் சொல்ல முடியும். (குவேக்கர் ஓட்ஸ் கம்பெனிக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. இந்தக் கேள்வியை நான் கேட்டு ஒரு பாட்டி பொறுமையாகப் பதில் சொன்னார். அது நூறாவது தடவையாக இருந்திருக்கும்.)

படங்களைப் பற்றி நிறையச் சொல்லலாம். ஹெர்ட்ஃபோர்டில் 1670இல் கட்டிய மீட்டிங் ஹவுஸ் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது, கம்ப்ரியாவில் பிரிக்ஃபிளாட்ஸ் 1675. இப்படி ஒரு கட்டிடம் கையில் இருந்தால் வெளியே நின்று செங்கல்லையும் ரோஜாச் செடியையும் படம் எடுக்கத்தான் தோன்றும். ஆனால் வாடகைக்கு எடுப்பவர் உள்ளேதான் உட்காரப் போகிறார். அறை எவ்வளவு பெரியது, நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் எத்தனை பேர், வட்டமாகப் போட்டால் எத்தனை பேர், பழைய மர பெஞ்சுகளை நகர்த்த முடியுமா, வெளிச்சம் எப்படி, பிளக் பாயின்ட் எங்கே, சமையலறையில் அடுப்பு இருக்கிறதா அல்லது கெட்டில் மட்டுமா? வாசலில் படி இருந்தால் அந்தப் படியையும் படம் எடுத்துப் போடுங்கள். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு "பெரும்பாலும் அணுகக்கூடியது" என்ற சொற்றொடரால் ஒரு பிரயோஜனமும் இல்லை, எத்தனை படி, எவ்வளவு உயரம், சாய்தளம் உண்டா என்பதுதான் வேண்டும். தோட்டத்தைப் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். பல இடங்களில் அது பழைய அடக்கத் தோட்டம். குவேக்கர் கல்லறைக் கற்கள் சின்னதாக, ஒரே மாதிரி, அலங்காரம் இல்லாமல் இருக்கும், புல்லுக்குள் தெரியவே தெரியாது. "குழந்தைகள் விளையாடப் புல்வெளி" என்று எழுதிவிட்டு அப்புறம் அங்கே காற்றடைத்த கோட்டை வந்து இறங்கினால் கஷ்டம்.

பிரிட்டன் குவேக்கர்களின் தலைமையகமான லண்டன் ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸைப் பார்த்துக் காப்பியடிப்பதும் வேண்டாம். யூஸ்டன் சாலையில் 1920களில் எழுந்த கட்டிடம் அது, 1931இல் வட்டமேசை மாநாட்டுக்கு வந்திறங்கிய காந்திக்கு வரவேற்புக் கூட்டம் நடந்தது அங்கேதான். இன்றைக்கு ஆயிரம் பேர் உட்காரும் அரங்கு, கஃபே, புத்தகக் கடை, முழுநேர ஊழியர்கள், தனியாக ஒரு நிறுவனமே வைத்து நடத்துகிறார்கள். நாற்பது நாற்காலியும் வாரத்துக்குப் பத்து மணி நேர வார்டனும் உள்ள ஒரு சிற்றூர் மீட்டிங் ஹவுஸ் தன்னை "பிரத்யேக மாநாட்டு மையம்" என்று சொல்லிக்கொண்டால், வருகிறவர் வரவேற்பு மேசையையும் மதியச் சாப்பாட்டையும் தேடுவார். உங்களிடம் இருப்பது சத்தமில்லாத, எளிமையான, விலை குறைந்த ஒரு அறை. அதைத் தேடி வருகிறவர்கள் நிறையப் பேர்.

கூகுள் மேப்ஸைத் திறந்து உங்கள் மீட்டிங் ஹவுஸைத் தேடிப் பாருங்கள். எங்கள் வகுப்பு நடக்கும் இடம் "ஞாயிறு 10:30 முதல் 11:30 வரை, மற்ற நாட்களில் மூடியிருக்கும்" என்று காட்டிக்கொண்டிருந்தது. வழிபாட்டு நேரத்தை யாரோ திறப்பு நேரமாகப் போட்டுவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை இடம் தேடுகிறவர் ஏன் கூப்பிடப் போகிறார்?

முடியாது என்பதை முதலிலேயே சொல்லாமல் விடுவது இன்னொரு பெரிய தவறு. பல மீட்டிங் ஹவுஸ்களில் மது கூடாது. சூதாட்டத்தைக் குவேக்கர்கள் ஏற்பதில்லை என்பதால் பரிசுச் சீட்டுக் குலுக்கலுக்கும் சில இடங்களில் தடை. ஞாயிறு காலை பக்கத்து அறையில் மேளம் அடிக்க முடியாது, ஏனென்றால் சுவருக்கு அந்தப் பக்கம் இருபது பேர் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இதையெல்லாம் ஒப்பந்தத்தின் நாலாம் பக்கத்தில் பொடி எழுத்தில் வைத்தால், ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஒயின் வாங்கி வைத்தவர் கடைசி வாரத்தில் அதைப் படித்துவிட்டுத் திட்டுவார். எங்கள் ஆட்கள் மாதிரி சாம்பார் வாளியோடு வருகிறவர்களுக்கு வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவரலாமா என்பதுதான் முதல் கேள்வி, அதற்கும் பதில் எழுதுங்கள்.

கல்யாண மண்டபம் என்று விளம்பரம் செய்ய நினைப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மதவழிபாட்டு இடத்தில் சிவில் திருமணம் செய்ய முடியாது. குவேக்கர் திருமணம் வேறு விஷயம், 1753 திருமணச் சட்டமே அவர்களுக்கு விலக்கு கொடுத்தது, ஆனால் அது அவர்களுடைய வழிபாடு, வாடகை கொடுத்து வாங்குகிற பொருள் இல்லை. பதிவு வேறிடத்தில் முடித்துவிட்டு வந்து விருந்து வைக்கலாம். அதை அந்த வார்த்தையிலேயே எழுதுங்கள்.

யாருக்குக் கொடுப்பது, யாருக்குக் கொடுக்காமல் இருப்பது என்பதை எழுதி வைக்காமல் விளம்பரத்தில் இறங்குவதுதான் எனக்கு ரொம்ப ஆபத்தாகத் தெரிகிறது. 2025 மார்ச் 27 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மீட்டிங் ஹவுஸின் கதவை உடைத்துப் போலீஸ் உள்ளே போய், அங்கே அறை எடுத்துக் கூடியிருந்த யூத் டிமாண்ட் (Youth Demand) என்ற இளைஞர் போராட்ட அமைப்பைச் சேர்ந்த ஆறு பெண்களைக் கைது செய்தது. அறை கொடுத்தது தவறு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அப்படி ஒரு நாள் வந்தால் "யாருக்கு, எந்த அடிப்படையில் இடம் தருகிறோம்" என்பது ஒரு பக்கத்தில் எழுதி, கமிட்டி ஒப்புக்கொண்டு, எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். வெறுப்பு பரப்புகிற குழு கேட்டு வந்து மறுக்கும்போதும் அதே காகிதம்தான் கைகொடுக்கும், இல்லையென்றால் 2010 சமத்துவச் சட்டத்தைக் காட்டிப் பாரபட்சம் என்பார்கள்.

இதன் இன்னொரு பக்கம், வருகிறவர்களின் அந்தரங்கம். "எங்களிடம் வருபவர்கள்" என்று பெருமையாகப் பட்டியல் போட்டு, குடியிலிருந்து மீள்வோர் கூடும் நாளும் நேரமும், அந்தக் கூட்டம் கலையும்போது எடுத்த படமும் போட்ட ஒரு பக்கத்தைப் பார்த்தேன். அங்கே வருகிறவர்கள் முகம் தெரியக் கூடாது என்றுதானே வருகிறார்கள்! கேட்காமல் யார் பெயரையும் படத்தையும் போடாதீர்கள்.

கடைசியாக, பதில். ஒரு தன்னார்வலரின் சொந்த மின்னஞ்சலுக்கு விசாரணை போகும், அவர் விடுமுறையில் இருப்பார், பதினொரு நாள் கழித்துப் பதில் வரும். எங்கள் வகுப்புக்காக நான் எழுதிய மூன்று இடங்களில் இரண்டு அப்படித்தான். மூன்றாவது இடத்து வார்டன் அன்று சாயங்காலமே பதில் போட்டார்: மணிக்கு இவ்வளவு, சனிக்கிழமை காலி, சமையலறையில் கெட்டில் உண்டு அடுப்பு இல்லை, பின்கதவு மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளும், தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டும். நாங்கள் அங்கேதான் போனோம், கதவு இன்னும் இறுகுகிறது.