19 அடி குடும்பப் படகு: அவுட்போர்டா, ஸ்டேர்ன்டிரைவா?

ரொறன்ரோவில் இருந்து வடக்கே ஒரு மணி நேரம் ஓடினால் சிம்கோ ஏரி. வசந்த காலத்தில் அந்தப் பக்கத்துப் பழைய படகு விளம்பரங்களைப் பார்த்தால் ஒரே மாதிரி இரண்டு கண்ணில் படும். இரண்டும் 19 அடி, முன்பக்கமும் இருக்கை வைத்த பௌரைடர், விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்றில் அவுட்போர்ட், மற்றதில் ஸ்டேர்ன்டிரைவ். புதிதாக வாங்குகிறவர்கள் இருக்கை உறையிலும் ஸ்பீக்கரிலும் மயங்கிவிடுவார்கள். நீங்கள் நேரே படகின் பின்பக்கம் போங்கள்.

படி 1: எஞ்சின் எங்கே இருக்கிறது?

அவுட்போர்ட் முழுக்க வெளியே தொங்கும். ஸ்டேர்ன்டிரைவில் கார் எஞ்சின் மாதிரி ஒன்று படகுக்குள் இருக்கும், சுழலியைத் தாங்கும் கால் மட்டும் வெளியே. அதனால் பின்னால் அகலமான மேடை கிடைக்கும்; பிள்ளைகள் நீந்திவிட்டு ஏற அதைப்போல வசதி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இது கனடா. அவுட்போர்டை நேராக இறக்கி வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் தானாகவே வடிந்துவிடும், ஸ்டேர்ன்டிரைவிலோ பெரும்பாலும் ஏரித் தண்ணீரே எஞ்சினுக்குள் ஓடிக் குளிர்விப்பதால், குளிர்காலத்துக்கு முன் அதை ஒழுங்காக வடிக்காமல் விட்டால் உறைந்து விரிந்து எஞ்சினையே பிளந்துவிடும். போதாக்குறைக்கு, கால் படகோடு சேரும் இடத்தில் றப்பர் உறைகள் உண்டு. அவை கிழிந்தால் தண்ணீர் உள்ளே வரும், கட்டி வைத்த படகே மூழ்கலாம். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று ரசீதோடு கேளுங்கள். பெற்றோல் ஆவி உள்ளே தேங்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் இயக்குவதற்கு முன் 4 நிமிடம் காற்றூதியை ஓட விட வேண்டும், அதுவும் உண்டு.

விலையும் நிலையும் ஒன்றென்றால் நான் அவுட்போர்ட் பக்கம்தான்.

படி 2: தட்டிப் பாருங்கள்

பின்சுவரின் உள்ளே பலகை இருக்கலாம். சுத்தியல் பிடியால் தட்டினால் நல்ல பலகை கணீரென்று கேட்கும், ஊறிப்போனது மந்தமாகக் கேட்கும். அப்புறம் கியர் ஒயிலைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. சிலிண்டர் அழுத்தத்தை மெக்கானிக்கிடம் விடுங்கள், அந்தக் காசு வீண்போகாது.

படி 3: ஆட்களும் எடையும்

ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் எத்தனை பேர், எவ்வளவு எடை என்று எழுதிய தகடு ஒட்டியிருக்கும். நம் ஆட்கள் வெறுங்கையோடு ஏரிக்குப் போவதில்லை. சோற்றுச் சட்டி, ஐஸ் பெட்டி, பெரியம்மா எல்லாம் அந்தக் கணக்கில் வரும். இழுக்கிற வாகனத்துக்கும் அப்படித்தான்: விளம்பரத்தில் சொல்லும் எடை வெறும் படகுடையது. 150 லீட்டர் பெற்றோலே 110 கிலோ வரும், ட்ரெய்லர் வேறு.

படி 4: காற்றடிக்கும் நாளில் ஓட்டுங்கள்

சிம்கோ அகலமான ஏரி, காற்று எழும்பினால் சீக்கிரமே குலுக்கத் தொடங்கும். அடிப்பாகம் ஆழமான வி வடிவில் இருந்தால் அலையை வெட்டிக்கொண்டு போகும், தட்டையாக இருந்தால் நிற்கும்போது ஆடாது, ஓடும்போது முதுகை உடைக்கும். கனடாவில் மோட்டர் படகு ஓட்ட படகோட்டி அட்டை வேண்டும், அது இல்லையென்றால் விற்பவரே ஓட்டட்டும். ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி கட்டாயம்.

போகும் முன் விற்பவரிடம், நான் வரும்வரை எஞ்சினைத் தொடாதீர்கள் என்று சொல்லி வையுங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.