ஊறுகாய்ப் போத்தலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்

கோடைக்காலக் காம்புக்கு முதன்முதலாகப் பெயர் கொடுத்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. 'காம்ப்' என்ற சொல்லைக் கேட்டதும் அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. அவருக்குத் தெரிந்தது ஆமிக் காம்ப் ஒன்றுதான். ஏரிக்கரையில் கூடாரம் போட்டுப் பிள்ளைகள் துடுப்பு வலிக்கிற இடத்துக்கும் இங்கே அதே பெயர்தான் என்று விளங்கவைக்க ஒரு மாதம் எடுத்தது.

பிறகு அந்தக் காம்ப் நடந்த அல்கொன்குவின் பூங்காவில், ஒன்ராறியோவின் பெரிய காட்டுப் பூங்கா அது, ஏழு கோடைகள் பயணத் தலைவியாக வேலை பார்த்தேன். இப்போதும் ஜூன் பிறந்தால் யாராவது ஓர் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டு, "மகள் ஐந்து நாள் கனூவில் போகிறாளாம், என்ன கட்டிக் கொடுக்க?" என்று கேட்பார். கனூ என்றால் துடுப்பு வலித்துப் போகிற ஒடுங்கிய படகு. அவர்களுக்குச் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் உடுப்பு. ஐந்து நாளுக்கு ஐந்து சோடி வேண்டாம், இரண்டு போதும். ஒன்று ஈரச் சோடி, மற்றது காய்ந்த சோடி. பகல் முழுக்க ஈரச் சோடிதான். காய்ந்தது கூடாரத்துக்குள் மட்டும். காலையில் அந்த ஈர உடுப்புக்குள் திரும்ப நுழைவது கொடுமை, பிள்ளை அழும். ஆனால் காய்ந்ததைப் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கினால் அன்றிரவு நடுங்க வேண்டியதுதான். ஒரு வருடம் வந்த பிள்ளைக்கு அவளுடைய அம்மா நாளுக்கொரு சோடி மடித்து, ஒவ்வொரு பையிலும் 'திங்கள்', 'செவ்வாய்' என்று எழுதிக் கொடுத்திருந்தார். பிள்ளை நனைய நனைய மாற்றினாள். திங்கட்கிழமை இருட்டுவதற்குள் வியாழன் வரை முடிந்துவிட்டது.

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். பருத்தி நனைந்தால் லேசில் காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துவிடும். விளையாட்டுக் காற்சட்டை, கம்பளிச் சோக்ஸ், ஒரு ஃப்ளீஸ் மேற்சட்டை, நல்ல மழைக்கோட்டு, இவ்வளவும் போதும். நிறம் வெளிறியதாக இருக்கட்டும். ஜூனில் கடிக்கிற பிளாக் ஃப்ளை என்ற சின்னக் கறுப்பு ஈக்குக் கடும் நீலமும் கறுப்பும் பிடிக்கும். ஜூலையில் அதன் தொல்லை குறைந்துவிடும், நுளம்பு மட்டும் மிஞ்சும். தேதி உங்கள் கையில் இருந்தால் ஆகஸ்டைத் தெரிவு செய்யுங்கள். ஸ்லீப்பிங் பாக்கை தடித்த குப்பைப் பையில் போட்டு, வாயை முறுக்கிக் கட்டி, அதன் பிறகே முதுகுப்பைக்குள் வையுங்கள். காசு கொடுத்து விசேஷப் பை வாங்கத் தேவையில்லை.

அடுத்தது சாப்பாடு. அல்கொன்குவினின் உட்காட்டுக்குள் தகர டின்னும் கண்ணாடிப் போத்தலும் கொண்டுபோக அனுமதியில்லை. என் அம்மா கொடுத்துவிட்ட மாங்காய் ஊறுகாய்ப் போத்தல் புறப்படும் துறையிலேயே பிடிபட்டது. சின்ன பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றியிருந்தால் வந்திருக்கும். பிள்ளை மாட்டிறைச்சி சாப்பிடாது, மரக்கறி மட்டும்தான் என்றால் புறப்படும் அன்று சொல்லாதீர்கள். சாமானைக் காம்ப் முன்கூட்டியே அளந்து கட்டிவிடும், மே மாதமே எழுதிக் கொடுங்கள். என் குழுக்களுக்கு நான் மைசூர்ப் பருப்புக் கட்டினேன். இருபது நிமிடத்தில் வெந்துவிடும், பாரமும் இல்லை. மா, பேக்கிங் பவுடர், உப்பு, கொழுப்பு சேர்த்துப் பொரிசட்டியில் சுடுகிற பேனக் என்ற ரொட்டியோடு அதைச் சாப்பிட்ட வெள்ளைக்காரப் பிள்ளைகள் மறுநாளும் கேட்டார்கள்.

ஆனால் கூடாரத்துக்குள் ஒரு டொஃபிகூடக் கூடாது. அங்கே கரடி உண்டு. இரவில் சாப்பாட்டுப் பையை நிலத்திலிருந்து 4 மீற்றர் உயரத்தில், அடிமரத்திலிருந்து 2 மீற்றர் தள்ளிக் கயிற்றில் தூக்கிவிடுவோம். பற்பசையும் அதோடு போகும். "பசித்தால் சாப்பிடு" என்று பையின் அடியில் எதையும் ஒளித்துவைக்காதீர்கள், அம்மாமாரே.

பெற்றோர் யாரும் கேட்காதது போர்ட்டேஜ் பற்றி. துடுப்பு வலிப்பதைப் பிள்ளைகள் அரை நாளில் பிடித்துவிடுவார்கள்; பின்னால் இருப்பவர் வலித்து முடிக்கும்போது கட்டைவிரலைக் கீழே திருப்பி வெளிப்பக்கம் தள்ளினால் கனூ நேரே போகும். ஏரி முடிந்ததும் கனூவையும் சாமானையும் தூக்கிக்கொண்டு அடுத்த ஏரிக்கு நடக்க வேண்டும். அதுதான் போர்ட்டேஜ். கரையில் மஞ்சள் பலகை தூரத்தைச் சொல்லும். கனூ லேக்கிலிருந்து ஜோ லேக்குக்கு அணைக்கட்டைச் சுற்றிச் சுமார் 300 மீற்றர்தான், சின்ன விஷயம். ஒரு கிலோமீற்றர் பலகையைக் கண்டால் கணக்குப் போடுங்கள்: முதலில் ஒரு சுமை, வெறுங்கையோடு திரும்பி, மறுபடி ஒரு சுமை. ஒன்று மூன்றாகிவிடும். கெவ்லார் என்ற லேசான இழையால் செய்த கனூ 20 கிலோ சொச்சம். பழைய மரக் கனூ 35 கிலோவைத் தாண்டும். புதிய பிள்ளைகள் தனியே தூக்கத் தேவையில்லை. ஒருவர் முனையை வானத்தைப் பார்க்க உயர்த்திப் பிடிக்க, மற்றவர் உள்ளே நுழைந்து குறுக்குக்கட்டையைத் தோளில் வாங்கிக்கொள்வார்.

இதற்கு வீட்டிலேயே பழகலாம். பள்ளிக்கூடப் பைக்குள் பத்து இறாத்தல் அரிசியைப் போட்டு, காம்புக்குக் கொண்டுபோகப் போகிற அதே சப்பாத்தோடு ரூஜ் பூங்காவில் மூன்று நான்கு சனிக்கிழமை நடக்கவிடுங்கள். மலையேற்றப் பயணம் என்றாலும் இதே பயிற்சிதான். புதுச் சப்பாத்தோடு வந்த பிள்ளையின் குதிக்காலில் இரண்டாம் நாளே கொப்புளம் போடும். செருப்போடு போர்ட்டேஜில் நடக்க நான் யாரையும் விட்டதில்லை.

காம்பிடம் கேட்க வேண்டியவை: நீச்சல் சோதனை உண்டா, தலைவர்களுக்குக் காட்டு முதலுதவிப் பயிற்சி இருக்கிறதா, கைத்தொலைபேசி எடுபடாத இடத்தில் எப்படித் தொடர்புகொள்வார்கள், காற்று எழும்பினால் என்ன செய்வார்கள். கடைசிக் கேள்விக்கு, "கரையோடு போவோம், இல்லாவிட்டால் ஒதுங்கிக் காத்திருப்போம்" என்ற பதில் வர வேண்டும். "நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவோம்" என்றால் அனுப்ப வேண்டாம். 1978 ஜூன் 11 அன்று ஒன்ராறியோ, கியூபெக் எல்லையில் இருக்கும் டிமிஸ்கமிங் ஏரியில் ஒரு பள்ளிக்கூடப் பயணத்தின் கனூக்கள் கவிழ்ந்து 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள். உயிர்காப்பு அங்கி போட்டுத்தான் இருந்தார்கள், குளிர்நீர் கொன்றுவிட்டது. நான் ஒரு முறை காற்றுக்காகக் கரையில் ஒன்றரை நாள் குந்தியிருந்தேன். பிள்ளைகள் என்னைத் திட்டித் தீர்த்தார்கள்.

கழிப்பிடம் பற்றியும் முன்பே சொல்லிவிடுங்கள். கூடாரத்துக்குப் பின்னால் காட்டுக்குள் மூடி போட்ட ஒரு மரப்பெட்டி, சுவரும் இல்லை கூரையும் இல்லை. தெரியாமல் வந்த பிள்ளைகள் இரண்டு நாள் அடக்கிக்கொண்டு வயிற்றுவலியோடு இருப்பார்கள். மகளுக்கு மாதவிலக்கு வரக்கூடும் என்றால் தேவையானதையும் இரண்டு ஸிப் பையையும் வைத்துவிடுங்கள், ஒன்று பாவித்ததைத் திரும்பக் கொண்டுவர. வெட்கப்படாமல் தலைவியிடம் ஒரு சொல் சொல்லும்படியும் கூறுங்கள்.

கூட்டிவரப் போகும்போது காரில் ஒரு பெரிய பிளாஸ்டிக் விரிப்புப் போட்டுக்கொள்ளுங்கள். சப்பாத்தைக் காருக்குள் ஏற்றாதீர்கள், டிக்கியில் கட்டிப் போடுங்கள். பையைக் கராஜிலேயே திறக்கச் சொல்லுங்கள். அடியில் இருக்கும் 'காய்ந்த சோடி'யில் புகை மணம் மட்டும் அடித்தால் பிள்ளை நான் சொன்னபடி நடந்திருக்கிறது.