கழுத்துவலிப் பயிற்சி: உங்கள் கழுத்துக்கு எது ஒத்துவரும் என்று கண்டுபிடிப்பது எப்படி?

ஸ்கூட்டரில் வலது பக்கம் திரும்பும் முன் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்க்க முடியவில்லை. நான்கு வருடக் கழுத்துவலியில் எனக்கு உண்மையான தொல்லை அது ஒன்றுதான். மற்ற வலியெல்லாம் தைலத்தில் அடங்கிவிடும்.

முதலில் போன இடத்தில் பன்னிரண்டு படம் போட்ட தாள் ஒன்றைக் கையில் கொடுத்து, தினமும் செய்யச் சொன்னார்கள். எனக்கு முன்னால் காத்திருந்த டெய்லர் அக்காவுக்கும் அதே தாள்தான். அவருக்குத் திரும்பிப் பார்ப்பதில் ஒரு சிரமமும் இல்லை; குனிந்து அரை மணி நேரம் தைத்தால் பின்கழுத்து எரியும். எனக்கோ எவ்வளவு நேரம் விடைத்தாள் திருத்தினாலும் ஒன்றும் ஆகாது. இரண்டு பேருக்கும் ஒரே தாள் எப்படிச் சரியாகும்? பிறகு போன பிசியோதெரபிஸ்ட் படம் எதுவும் தரவில்லை. "எந்த வேலையில் வலிக்கிறது, செய்து காட்டுங்க" என்றார். இந்தப் பதிவு அந்த வழியில் வந்தது.

ஆரம்பிக்கும் முன்

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் சாதாரணக் கழுத்துவலிக்குத்தான் இது. கை மரத்துப்போவது, பிடி தளர்ந்து பொருள் கீழே விழுவது, நடை தடுமாறுவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, விபத்துக்குப் பின் வந்த வலி, தலைசுற்றலோடு பார்வை இரண்டாகத் தெரிவது: இதில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவர். முடக்குவாதம் (ருமாட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்கிற மூட்டுநோய்) உள்ளவர்களும் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

எக்ஸ்ரேயில் "தேய்மானம்" என்று எழுதியிருந்தால் பயந்துவிடாதீர்கள். நடுத்தர வயதைத் தாண்டிய, கழுத்தே வலிக்காத பலருக்கும் படம் எடுத்தால் அதே தேய்மானம் தெரியும்.

படி 1: ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்

"கழுத்து வலிக்கிறது" என்பது போதாது. கொடியில் துணி போட நிமிரும்போதா, அரிவாள்மனையில் குனிந்து நறுக்கும்போதா, போனைத் தோளில் இடுக்கிப் பேசிய பிறகா? ஒரே ஒரு வேலையை நோட்டில் எழுதி மதிப்பெண் போடுங்கள். 0 என்றால் செய்யவே முடியவில்லை, 10 என்றால் வலி வருவதற்கு முன்னால் செய்தது போலவே முடிகிறது. என் நோட்டில் முதல் நாள் எழுதியது: "வலது பக்கம் திரும்பிப் பார்ப்பது – 3".

படி 2: நான்கு சின்னச் சோதனைகள்

இதில் அவசரப்படாதீர்கள். எந்தப் பயிற்சி என்பதை முடிவு செய்வது இந்தப் படிதான்.

*தோள் சோதனை.* நாற்காலியில் உட்கார்ந்து வலிக்கும் பக்கம் திரும்புங்கள். சுவரில் எதுவரை தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மடியில் இரண்டு தலையணை அடுக்கி, முழங்கைகளை அதன்மேல் வைத்து, தோள் லேசாக உயரும்படி செய்து மறுபடி திரும்புங்கள். இப்போது கூடுதலாகத் திரும்ப முடிந்தால், அல்லது வலி குறைந்தால், கையின் பாரம் கழுத்தை இழுக்கிறது என்று அர்த்தம். தோள்பட்டை எலும்பைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கும் தசைகள்தான் அங்கே சிக்கல்.

*சுழல் நாற்காலி சோதனை.* பார்வையை எதிரே காலண்டரில் நிறுத்தி, தலையை அசைக்காமல், நாற்காலியோடு உடம்பை மட்டும் மெதுவாகத் திருப்புங்கள். கழுத்து திரும்பும் அளவு அதேதான், ஆனால் பலருக்கு இப்படிச் செய்தால் வலிப்பதில்லை. எனக்கு வலிக்கவே இல்லை. நம்ப முடியாமல் மூன்று முறை செய்து பார்த்தேன். வலிக்கும் என்று காத்திருக்கும் கழுத்து முன்கூட்டியே இறுகிக்கொள்கிறது. உடம்பு திரும்பும்போது அது ஏமாந்துவிடுகிறது.

*லேசர் சோதனை.* வகுப்பில் பயன்படுத்தும் லேசர் பாயிண்டரைத் தொப்பியின் முன்னால் டேப் போட்டு ஒட்டுங்கள். சுவரிலிருந்து தலை 90 செ.மீ. தள்ளி இருக்கும்படி உட்காருங்கள். ஒளிப்புள்ளி விழும் இடத்தில் பென்சிலால் குறியிட்டு, அதைச் சுற்றி 7 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். கண்ணை மூடி, தலையைத் திருப்பி, பழைய இடத்துக்கு வந்துவிட்டதாகத் தோன்றியதும் கண்ணைத் திறங்கள். ஆறு முறை செய்யுங்கள். புள்ளி பெரும்பாலும் வட்டத்துக்கு வெளியே விழுந்தால் (அந்தத் தூரத்தில் 7 செ.மீ. என்பது சுமார் 4.5 டிகிரி பிழை), தலை எங்கே இருக்கிறது என்பதைக் கழுத்து சரியாக உணரவில்லை. மண்டைக்குக் கீழே பிடரியில் இருக்கும் குட்டித் தசைகளில் நிலையை உணரும் முனைகள் மிக நெருக்கமாக உள்ளன. நீண்ட நாள் வலி அந்தக் கணக்கைக் குழப்பிவிடும். யார் கண்ணிலும் லேசர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கியமாகக் குழந்தைகள்.

*தலையசைப்புச் சோதனை.* மல்லாந்து படுத்து, தலைக்கடியில் மடித்த துண்டு வைத்து, "ஆமாம்" என்பதுபோல் மோவாயை மிக லேசாக உள்ளே இறக்குங்கள். (நம் ஊர்ப் பக்கவாட்டு ஆட்டல் இல்லை, மேல்கீழ் ஆமாம்.) தலை தூக்கக் கூடாது. 10 விநாடி நிறுத்துங்கள். தொண்டையின் இரு பக்கமும் கயிறுபோல் தசை புடைத்தால், ஆழத்தில் முதுகெலும்பை ஒட்டியிருக்கும் தசைகள் செய்ய வேண்டிய வேலையை மேல்தசை செய்கிறது. குனிந்து உட்கார்ந்தால் சீக்கிரம் சோர்ந்துபோகும் கழுத்துகளில் இது அடிக்கடி தெரியும். டெய்லர் அக்காவுக்குக் கயிறு நன்றாகவே புடைத்தது.

படி 3: சோதனையையே பயிற்சியாக்குங்கள்

எந்தச் சோதனையில் பிடிபட்டீர்களோ அதுதான் உங்கள் பயிற்சி. (சுழல் நாற்காலியில் மட்டும், வலி வராமல் போவதுதான் பிடிபடுவது.) இரண்டில் பிடிபட்டால் இரண்டும் செய்யலாம், நான்கையும் வாரிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

தோள் என்றால், முழங்கைகளுக்கு முட்டுக் கொடுத்துத் திரும்பப் பழகி, வாரத்துக்கு வாரம் தலையணையின் உயரத்தைக் குறையுங்கள். லேசர் என்றால், முதலில் கண்ணைத் திறந்துகொண்டு சுவரில் வரைந்த எட்டு வடிவத்தின்மேல் புள்ளியை மெதுவாக ஓட்டுங்கள், அப்புறம் கண்ணை மூடித் திரும்பி வருவது. தலையசைப்பு என்றால், கயிறு புடைக்காத அளவுக்கு மட்டும் இறக்கி 10 விநாடி, 10 முறை. முதல் வாரம் 3 விநாடிதான் தாங்கும், பரவாயில்லை.

என் வழி நாற்காலிதான். முதல் வாரம் உடம்பை மட்டும் திருப்பினேன். இரண்டாம் வாரம் உடம்பைத் திருப்பி நிறுத்தியபின், கண்ணை முதலில் வலப்பக்கம் ஓடவிட்டேன், தலை அதன் பின்னால் போனது. பிறகு உடம்பு அசையாமல் தலை மட்டும்.

படி 4: எவ்வளவு?

ஒரே மூச்சில் அரை மணி நேரம் செய்வதைவிட, நாளில் நான்கைந்து தடவை இரண்டிரண்டு நிமிடம் நல்லது. வலி 10க்கு 3 வரை போகலாம் (நோட்டு மதிப்பெண் வேறு; இங்கே 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாத வலி). மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. வரவில்லை என்றால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்த வேண்டாம்.

அசைவு வசப்பட்ட பிறகு பலம் ஏற்ற வேண்டும். பின்லாந்தில் நாள்பட்ட கழுத்துவலி இருந்த 180 பெண் அலுவலக ஊழியர்களை ஒரு வருடம் கவனித்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. கழுத்துக்கும் தோளுக்கும் பயிற்சி செய்த இரண்டு பிரிவினருக்கும், அப்படிச் செய்யாதவர்களைவிட வலி நன்றாகக் குறைந்தது. ஒரு பிரிவு ரப்பர் பட்டையை இழுத்துப் பலம் ஏற்றியது, மற்றது தாங்கும் திறனை வளர்த்தது. ஒரு வருடம் என்பதைக் கவனியுங்கள். பத்து நாளில் பலன் இல்லையென்று நானும் ஒரு தடவை விட்டவன்தான்.

படி 5: வேலைக்கே கொண்டுபோங்கள்

நாற்காலியில் கழுத்து திரும்புகிறது என்பதற்காகச் சாலையிலும் திரும்பிவிடாது. ஸ்கூட்டரை வீட்டு வாசலில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினை அணைத்து ஏறி உட்கார்ந்து, ஹேண்டில்பாரைப் பிடித்தபடி திரும்பிப் பார்க்கப் பழகினேன். பக்கத்து வீட்டுப் பையன் "அங்கிள், வண்டி ஸ்டார்ட் ஆகலையா?" என்று கேட்டான். அடுத்த வாரம் ஹெல்மெட்டோடு. தலையில் கூடுதல் எடை வந்ததும் மூன்றாம் வாரத்து வலி திரும்ப வந்தது, அதனால் தடவைகளைப் பாதியாக்கினேன். கடைசியில், நடமாட்டம் இல்லாத தெருவில்.

உங்களுடையது தையல் என்றால் மெஷின் முன்னால், நறுக்குவது என்றால் அரிவாள்மனை முன்னால் இதே மாதிரி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நோட்டில் மதிப்பெண்ணைத் திருத்துங்கள். என்னுடையது இப்போது 8. பாக்கி 2 மழைக்கோட்டு போட்ட நாட்களுக்கு. காலர் கழுத்தில் குத்துகிறது, அதற்குப் பயிற்சி கிடையாது.